காகம் இறங்காத வளவு

சனீஸ்வரனுக்கு மொன்றியல் எங்கே இருக்கிறது என்று தெரியுமோ தெரியாது. ஆனால் சனீஸ்வரன் எங்கே இருக்கிறார் என்று சிவநேசத்துக்குத் தெரியும். அவளுடைய மகன் இரவிச்சந்திரனின் சாதகத்தில் எட்டாம் இடத்தில் குந்திக்கொண்டு இருக்கிறார். அவர் எழும்பினால் பிள்ளை ஆமி முகாமை விட்டு வெளியே வருவான். அவரை எழுப்ப அவள் கையில் இருந்த ஒரே வழி புரட்டாசிச் சனி விரதம்.

ஊரில் அது கரைச்சல் இல்லாத விரதம். காலையில் எண்ணெய் தேய்த்து முழுகி, எள்ளெண்ணெய் விளக்கேற்றி, மரக்கறி சமைத்து, இலைத்துண்டில் ஒரு பிடி சோறும் கறியும் வைத்துக் 'கா, கா' என்று கூப்பிட்டால் சரி. வாய் மூட முன்னமே காகம் கூரையில் நிற்கும். சனியின் வாகனம் சோற்றை எடுத்துவிட்டால் விரதகாரர் சாப்பிடலாம். சமையல் பிந்தினால் காகம்தான் மனிசரைக் கூப்பிடுமே ஒழிய, காகத்துக்காக மனிசர் பசி கிடந்த கதை கிடையாது.

மொன்றியலின் சென்ட் லோரன்டில் அந்தக் கதை நடந்தது. தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்த தெருவொன்றில், அவளுடைய தம்பி நகுலேஸ்வரன் கீழ்வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தான். பின்பக்கம் சின்ன வளவு. கம்பி வேலி, உடுப்புக் காயப்போடும் கொடி, மூலையில் தகரக் கொட்டில், நடுவில் ஒரு மேப்பிள் மரம். எண்பத்தாறாம் ஆண்டு புரட்டாசியில் அந்த மரத்தின் இலைகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. சிவநேசம் பின்கதவுப் படியில் சேலைக்கு மேலே தம்பியின் பழைய குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு இருப்பாள். வேலியில் அடித்திருந்த பலகையில் சோறு ஆறிக்கொண்டு இருக்கும்.

காகத்தைத் தவிர மற்ற எல்லாம் வந்தன. ஊர்க்குருவி வந்தது, அது அங்கேயும் இங்கேயும் ஒரே குருவிதான், விசா கேட்காத சாதி. உடம்பெல்லாம் வெள்ளைப்புள்ளி போட்ட கறுப்பு மைனாக்கள் கூட்டமாக இறங்கிச் சோற்றைக் கிண்டிச் சண்டை பிடித்தன. கொண்டை வைத்த நீலக் குருவி ஒன்று தவறாமல் வந்து எல்லோரையும் ஏசி விரட்டியது. அணில்களோ பூனைக்குட்டி அளவு. முதுகில் ஒரு கோடும் கிடையாது. இராமர் கை படாத அணில்கள். அவை பருப்பை விட்டுவிட்டுக் கத்தரிக்காயை மட்டும் பொறுக்கித் தின்றன.

காகம் இல்லாத ஊர் என்றாலும் மனம் ஆறலாம். பொழுது சாயும் நேரத்தில் ஊர்ப்பட்ட காகம் மேலே போனது. மேற்கே வயல் பக்கம் மேய்ந்துவிட்டு, கறுத்த கயிறு மாதிரி வரிசையாக, அடைகிற இடத்தைப் பார்த்துப் போகும். சிவநேசம் எழும்பி நின்று இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூப்பிடுவாள். ஒன்றாவது திரும்பிப் பார்த்தால்தானே!

"மச்சாள், கண்டதுதானே, உள்ளுக்கு வாங்கோ. மேலால போற காகமும் காகந்தான்," என்று நகுலேஸ்வரனின் மனைவி ஜெகதீஸ்வரி சொல்லிப் பார்த்தாள்.

"போறது பெரிசில்லைப் பிள்ளை. எடுக்க வேணும்."

"உங்களுக்குச் சலரோகம், சீனி வருத்தம். டொக்டர் நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னவர் எல்லோ?"

"டொக்டரின்ர பிள்ளையை ஆமி பிடிச்சுக்கொண்டு போகேல்லை."

காகம் எடுக்காத சனிகளில் அவள் இருட்டியபின் கொஞ்சம் சீனித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள். அடுத்த நாள் எழும்பினால் சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பாள்.

சனிக்கிழமை மட்டும் கூப்பிட்டால் காகத்துக்கு எப்படித் தெரியும் என்று அவளே யோசித்து, கிழமை முழுதும் வைக்கத் தொடங்கினாள். விடிந்தவுடன் குருவிக்குக் குறுணல் அரிசி, மைனாவுக்குப் பாண் துண்டு, அணிலுக்கு நேற்றைய கறி. அவற்றின் வயிறு நிரம்பினால் காகத்தின் சோற்றில் கை வைக்கமாட்டா என்பது கணக்கு. ஒரு கால் முடமான குருவி ஒன்று வரும். அதற்குப் புறம்பாகப் படியோரத்தில் போடுவாள். தண்ணீர்க் கோப்பையின் மேல் காலையில் ஐஸ் படரத் தொடங்கியதும் சுடுதண்ணீர் ஊற்றி உருக்கினாள். தையல் மெசினுக்குப் பக்கத்தில் மலைபோலக் கிடந்த குளிர்ச்சட்டைகளுக்குக் கூலிக்கு சிப் தைத்துக்கொண்டே ஜெகதீஸ்வரி யன்னலால் பார்ப்பாள். மச்சாள் சிரித்த முகமாக இருந்தது அந்த நேரத்தில் மட்டுந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை உண்மையாகவே ஒரு காகம் மேப்பிள் மரத்தில் வந்து இருந்தது. சிவநேசம் மூச்சையும் விடாமல் நின்றாள். அடுத்த நிமிடம் பக்கத்து வளவில் சட்டியும் அகப்பையும் முழங்கின. மதாம் லவுவா! எழுபது வயதுக் கிழவி. அவளுடைய வளவிலும் கம்பத்தில் ஒரு மரப்பெட்டி; அதில் சூரியகாந்தி விதை போட்டுச் சின்னக் குருவிகளை வளர்க்கிறவள். காகம் குஞ்சு திருடும், முட்டை குடிக்கும், அதைக் கண்டால் அவளுக்கு ஆகாது. காகம் போய்விட்டது. சிவநேசம் படியில் இருந்து அழுதாள்.

ஜெகதீஸ்வரி பிரெஞ்சு வகுப்புக்கு மூன்று மாதம் போனவள். கையில் ஒரு தட்டு மோதகத்தையும் எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனாள்.

"பொன்ஜூர் மதாம். சில் வூ ப்ளே... சம்தி..." சனிக்கிழமைக்கு மேல் பிரெஞ்சு ஓடவில்லை. காகம் மாதிரி இரண்டு கையையும் அடித்தாள், தின்று காட்டினாள், வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"பூர் ல பொன் தியூ?" என்று கிழவி கண்ணை விரித்தாள். நல்ல கடவுளுக்கோ என்று கேட்கிறாள் என்று ஜெகதீஸ்வரிக்கு விளங்கியது. சனி நல்லவரோ கூடாதவரோ என்பதையெல்லாம் அந்த வேலியில் வைத்து விளங்கப்படுத்த முடியுமா?

"வுய், வுய். பொன் தியூ."

கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். மோதகத்தை மணந்து பார்த்துவிட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு சட்டி முழங்கவில்லை. கோப்பித் தகரப்பேணி நிறையச் சூரியகாந்தி விதையும் வேலிக்கு மேலால் வந்தது. காகம்தான் வரவில்லை.

நகுலேஸ்வரனுக்கு வாளி மூடி அடிக்கிற பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. மெசின் வாயைத் திறக்கும்போது கொதிக்கிற மூடியைப் பிடுங்கி, ஓரத்தைச் சீவி, அடுக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் தோல் தடித்துப்போயிற்று. யாழ்ப்பாணத்துப் பாசையூர் வின்சன்டுக்கும் அங்கேதான் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மணி அடித்ததும், வின்சன்ட் அவனைப் பின்பக்கம் லொறி ஏற்றுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"நகுலண்ணை, ராத்திரி கொழும்பிலயிருந்து மச்சான் ரெலிபோன் எடுத்தவன்."

"ம்."

"அங்கை ஒரு பொடியனை விட்டிருக்கிறாங்கள். உங்கட மருமோன்ர முகாமில, ஒரே அறையில கிடந்தவன்."

தான் ஏதும் கேட்காவிட்டால் வின்சன்ட் சொல்லாமல் விட்டுவிடுவான் என்று நகுலேஸ்வரன் நினைத்தானோ என்னவோ.

"அண்ணை, தம்பி இல்லையாம். சித்திரை மாசமே முடிஞ்சுதாம். அடிச்ச அடியில... அந்தப் பொடியன்ர மடியிலதானாம்."

லொறி ஒன்று பின்னுக்கு வந்து நின்றது. இரண்டு பேரும் விலகி நின்றார்கள்.

"திகதி தெரியுமோ?"

"அவங்களுக்கு உள்ளுக்கை நாள் ஏது, கிழமை ஏது?"

நகுலேஸ்வரன் அன்று வேலை முடியுமட்டும் மூடி பிடுங்கினான். வேறு என்ன செய்வான்? தமக்கை வரமாட்டேன் என்றுதான் சொன்னவள். 'பிள்ளையை அங்கை விட்டிட்டு நான் ஏன் கனடாவில' என்று ரெலிபோனில் அழுதவளை, இங்கேயிருந்து மந்திரிமாரைப் பிடிக்கலாம், வெளியே எடுக்கலாம் என்று சொல்லிக் கூப்பிட்டவன் அவன்தான்.

வீட்டுக்குள் போகாமல் ஜெகதீஸ்வரியை வாசலுக்குக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். உள்ளே சிவநேசம் அடுத்த நாள் விரதத்துக்குப் பயறு ஊறவைத்துக்கொண்டு இருந்தாள்.

"சொல்லத்தானே வேணும், என்னப்பா," என்றாள் ஜெகதீஸ்வரி.

"எப்பிடிச் சொல்லுறது? உந்த உடம்போட தாங்குவாவோ?"

"சொல்லாட்டில் மட்டும்? நாளைக்கும் பட்டினி கிடக்கப் போறா. ஆருக்காக? இல்லாத பிள்ளைக்கு."

"அந்தப் பட்டினியிலதானே அவ உயிரோட இருக்கிறா."

"கதை நல்லாய்த்தான் இருக்கு. நாளைக்கு அவ வளவில விழுந்தால் ஆர் தூக்கிறது?"

சொன்னாலும் சாவு, சொல்லாவிட்டாலும் சாவு. இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள்?

சனிக்கிழமை மழைத்தூறல். சிவநேசம் குடையைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்தாள். நகுலேஸ்வரன் கதவடியில் நின்றான். மத்தியானம் கழிந்தது. சோறு மழையில் கரைந்து வெள்ளைத் தண்ணீராக ஓடியது. உள்ளே போய் வேறு சோறு கொண்டுவந்து வைத்தாள்.

"அக்கா, இஞ்சத்தைப் புறா எடுத்தாலும் போதுமாம்."

"ஆர் சொன்னது?"

"கோயில்ல... ஐயர்."

"எந்த ஐயர்? புறா ஆரின்ர வாகனம்?"

அவன் வாயைத் திறந்தான். இப்போது சொல்லிவிடுவோம் என்றுதான் திறந்தான்.

"ஒண்டு சொல்லட்டோ, தம்பி?" என்று அவள் முந்திக்கொண்டாள். "நேற்று அவனைக் கனவில கண்டனான். மெலிஞ்சு போனான். ஆனால் சிரிச்சவன். அம்மா, காகம் எடுத்ததோ எண்டு கேட்டவன். இன்னும் இல்லையடா, கொஞ்சம் பொறு எண்டனான்."

நகுலேஸ்வரன் உள்ளே போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றான். அன்றும் காகம் வரவில்லை. மாலையில் அவள் எழும்பும்போது சரிந்து விழப்பார்த்தாள். ஜெகதீஸ்வரி பிடித்துக்கொண்டாள். 'காகம் எடுக்காட்டில் சனி இன்னும் பிள்ளையை விடேல்லை எண்டுதான் கருத்து. வாற சனிதான் கடைசிச் சனி. அண்டைக்கு விடும்' என்று அவளுடைய தோளில் கிடந்தபடி சிவநேசம் சொன்னாள்.

செத்தவனுக்கு எட்டுப் படைக்க வேண்டும். அது எங்கள் சனத்தில் விடுபடாத காரியம். செத்த எட்டாம் நாள், அவன் உயிரோடு இருக்கும்போது ஆசைப்பட்டுத் தின்றது குடித்தது எல்லாவற்றையும், மச்ச மாமிசம் உட்பட, சமைத்துப் படைத்து, இருட்டுப்படச் சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும். திகதி தெரியாதவனுக்குக் கேள்விப்பட்ட நாளில் இருந்து கணக்கு. நகுலேஸ்வரன் கணக்குப் பார்த்தான். எட்டாம் நாள் அடுத்த வெள்ளி. உடலும் கிடையாது, கொள்ளியும் கிடையாது. எட்டும் இல்லாமலா போவான் அந்தப் பொடியன்?

வெள்ளி மாலையில் பெண்கள் இருவரும் கூட்டுப் பிரார்த்தனைக்குப் போனார்கள். ஜெகதீஸ்வரி வேண்டுமென்றுதான் மச்சாளைக் கூட்டிக்கொண்டு போனாள். நகுலேஸ்வரன் அரைநாள் லீவு போட்டுவிட்டு, போர்த்துக்கேயரின் மீன்கடையில் இறால் வாங்கி வந்திருந்தான். இறால் என்றால் இரவிச்சந்திரனுக்கு உயிர். தலையோடு பொரித்தான். முட்டை அவித்தான். புட்டு அவிக்கத் தெரியாது, பாண் வைத்தான். மாமனும் மருமகனும் ஒருமுறை பனங்காணிக்குள் ஒளித்துக் குடித்த கள்ளை நினைத்து, ஒரு தம்ளரில் பியர் ஊற்றினான். சமைத்த மணம் போக யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டான்.

சந்திக்கு எப்படிக் கொண்டுபோவது? சென்ட் லோரன்டில் வெளிச்சம் போட்ட சந்தியில், இறாலும் பியரும் வைத்துக் கர்ப்பூரம் கொளுத்தினால் பொலிஸ் வரும். வளவு மூலையில், தகரக் கொட்டிலுக்குப் பின்னால், வாழையிலைக்குப் பதில் அலுமினியத்தாளை விரித்துப் படைத்தான். கர்ப்பூரம் காற்றில் அணைந்து அணைந்து போனது. ஆண்பிள்ளைக்கு ஒப்பாரி தெரியாது. 'தின்னடா, தின்னடா ரவி' என்று மட்டும் சொல்லிச் சொல்லி அழுதான். பிறகு திரும்பிப் பாராமல் வீட்டுக்குள் வந்தான்.

அங்கேதான் அவன் பிழை விட்டான். முறைப்படி திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை. இராத்திரி அணிலோ பூனையோ முடித்துவிடும், விடியக் கருக்கலில் தாளைச் சுருட்டி எறிந்துவிடலாம் என்று நினைத்தான். ஆனால் கிழமை முழுதும் நித்திரை இல்லாதவன், விடியப்புறம் கட்டை மாதிரி நித்திரையாகிவிட்டான்.

"தம்பி! எழும்படா! காகம்!"

தமக்கையின் அந்தச் சந்தோசக் குரலை அவன் நாலைந்து வருடமாகக் கேட்டதில்லை. துடித்து எழும்பினான். வெளியே கா, கா என்று ஒரே சத்தம். ஒன்றில்லை, இரண்டில்லை, மரத்தில், கொடியில், வேலியில், கொட்டில் கூரையில் எல்லாம் காகம்.

சிவநேசம் முழுகி, ஈரத் தலையோடு, நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்றாள். விளக்கு எரிந்துகொண்டு இருந்தது. அவசரமாகக் குக்கரில் இருந்து சோற்றை அள்ளித் தட்டில் போட்டு, பருப்பும் கத்தரிக்காயும் வைத்தாள்.

"ஜெகதீஸ், பார்த்தியோ? கூப்பிட முன்னம் வந்து நிக்குதுகள்! என்ர பிள்ளையை விட்டிட்டாங்கள். இண்டைக்கு விட்டிருப்பாங்கள், நீ இருந்து பார்!"

"மச்சாள், நில்லுங்கோ, நான் கொண்டுபோய் வைக்கிறன்..."

"விடு பிள்ளை. இது தாய் வைக்க வேணும்."

நகுலேஸ்வரன் வெறுங்காலோடு பின்கதவுக்கு ஓடிவந்தபோது அவள் வளவின் பாதியைக் கடந்துவிட்டாள். உறைபனி விழுந்த புல்லில் அவளுடைய காலடி ஈரமாகத் தெரிந்தது. காகங்கள் பலகைப் பக்கம் வரவில்லை. எல்லாம் கொட்டிலின் பின்பக்கம் இறங்கி இறங்கி எழும்பின. 'இஞ்சை வா, இஞ்சை வா ராசா' என்று தட்டை நீட்டிக்கொண்டே அவள் கொட்டிலைச் சுற்றிப் போனாள்.

ஒரு காகம் அவளுக்கு நேரே வேலியில் வந்து இருந்தது. அதன் அலகில் தலையோடு பொரித்த ஒரு இறால்.

அவள் குனிந்து பார்த்தாள். அலுமினியத்தாள், முட்டைக்கோது, பாண் துண்டு, தம்ளர், கருகிய கர்ப்பூரம். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்திக்கு அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. புரட்டாசிச் சனியன்று, விரத வீட்டு வளவில், மச்சம் எதற்குப் படைப்பார்கள்?

நகுலேஸ்வரன் பக்கத்தில் வந்து நின்றான்.

"எட்டோ?" என்று கேட்டாள்.

"அக்கா..."

"இறால் வைச்சிருக்கிறாய்."

"ஓமக்கா."

"எப்ப கேள்விப்பட்டனீ?"

"போன வெள்ளி. வின்சன்ட் சொன்னவன்."

"போன சனி நான் மழைக்குள்ள இதில இருந்தனான். நீ கதவடியில நிண்டனீ."

அவன் தலையைக் குனிந்தான்.

"கனவு சொன்னனான் உனக்கு. கேட்டுக்கொண்டு நிண்டனீ."

"உங்களுக்கு ஏதும் ஆயிடும் எண்டு... பயந்து போனன் அக்கா."

"எப்பிடியாம்?"

"காய்ச்சல் எண்டவங்கள். நித்திரையிலயாம். கஷ்டப்படேல்லையாம்."

அவள் அவனுடைய முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். பொய் என்று தெரிந்தது. தெரிந்தும் அதை வாங்கி வைத்துக்கொண்டாள். பிறகு, சத்தம் போடாமல்தான் கேட்டாள்:

"நீ நேற்று அழுதிருப்பாய், என்ன?"

"ஓம்."

"அவளும் அழுதிருப்பாள். வின்சன்ட் வீட்டிலயும் அழுதிருப்பினம். நான் மட்டும் என்ர பிள்ளைக்கு அழேல்லை. எள்ளெண்ணெய் எரிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன். செத்த வீட்டுத் துடக்குக்குள்ள விளக்கு."

கதவடியில் நின்ற ஜெகதீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு 'ஐயோ மச்சாள்' என்று குழறி அழத் தொடங்கினாள். பக்கத்து வளவில் கிழவி விதைப் பேணியோடு வெளியே வந்து, பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் நின்றாள். தமக்கையைத் தாங்கிக்கொள்ள நகுலேஸ்வரன் கையை நீட்டினான். அவள் விழவில்லை. அவன் பயந்த எதுவும் நடக்கவில்லை.

தட்டை ஏந்தியபடியே அவள் திரும்பி நடந்து வந்து படியில் இருந்தாள். கையில் இருந்த சோற்றைப் பார்த்தாள். ஆவி இன்னும் பறந்துகொண்டு இருந்தது. பருப்பையும் கத்தரிக்காயையும் சேர்த்துக் குழைத்தாள். ஒரு கவளம் உருட்டினாள். யாருக்கும் வைக்காமல் தன் வாயிலேயே போட்டாள். மென்றாள், விழுங்கினாள், அடுத்ததை உருட்டினாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கனநாள் பட்டினி கிடந்தவர்கள் சாப்பிடுவதுபோல, வேகமாக, தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நகுலேஸ்வரன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

தட்டு வெறுமையானதும் அவள் அதை ஜெகதீஸ்வரியிடம் நீட்டினாள்.

"இன்னும் சோறு கிடக்கோ, பிள்ளை?"

"கிடக்கு மச்சாள்."

"போட்டுக்கொண்டு வா. பசிக்குது. இனி ஆருக்கு நான் விரதம் இருக்கிறது?"

ஜெகதீஸ்வரி அழுதபடியே உள்ளே போய்ச் சட்டியோடு சோற்றைக் கொண்டுவந்தாள். சிவநேசம் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போதும் என்று அவள் சொல்லவில்லை. போதும் என்று சொல்ல அந்த வீட்டில் வேறு யாருக்கும் வாய் வரவும் இல்லை.